பட்டியலில் உள்ள பழைய கடைவீடு: ஓட்டைக் கழற்றிவிட்டுத் தகரம் போடலாமா?

குறுக்குத்தெரு_மருமகள்

வணக்கம். கொழும்பு 11இல், செட்டியார் தெருவுக்குப் பக்கத்தில், மாமாவின் பெயரில் ஒரு மாடிக் கடைவீடு இருக்கிறது. கீழே கடை. மேலே ஒரு காலத்தில் குடும்பம் இருந்தது, இப்போது சாமான் அறை. முகப்பின் உச்சியில் பூவேலைக்கு நடுவே 1912 என்று போட்டிருக்கிறது. கூரை கள்ளிக்கோட்டை ஓடு. முன்பக்கம் தெருவிலிருந்து பார்த்தால் ஓடு தெரியாது, கைப்பிடிச் சுவர் மறைத்துவிடும்.

மே மாத மழை தொடங்கியதிலிருந்து மேல்மாடி முன்சுவர் ஊறிப்போய்க் கிடக்கிறது. பெயின்ட் அப்பளம் மாதிரிப் பொங்கி உரிகிறது. சீலிங் பலகை ஒன்று கறுத்துத் தொங்குகிறது. பார்க்க வந்த மேசன் பாஸ் ஒரே மூச்சில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: ஓடு முழுவதையும் இறக்கித் தகரம் அடி, முகப்பில் பழைய பூச்சைக் கொத்தி எடுத்துச் சீமெந்து பூசு, மேலே நல்ல வெளிச்சுவர்ப் பெயின்ட் அடி, அப்புறம் இருபது வருஷத்துக்குக் கவலையே இல்லை.

பக்கத்துக் கடை முதலாளியோ, "அது பாதுகாக்கிற பட்டியலில் உள்ள கட்டிடம், கை வைத்தால் வழக்கு வரும்" என்கிறார். மாமாவுக்கு இரண்டு பேர் சொல்வதும் பிடிக்கவில்லை. என்னைத்தான் விசாரிக்கச் சொன்னார். எங்கிருந்து தொடங்குவது?

கோட்டைக்கிழவன்

முதலில் சட்டத்தைப் பார்ப்போம், ஏனென்றால் இதில்தான் ஆளாளுக்கு ஒரு கதை சொல்வார்கள்.

1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2 என்ற நாளைக் கோடாக வைத்திருக்கிறது. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். அதற்கு முற்பட்ட கட்டிடம் என்றால் தொல்பொருள் திணைக்களத்தைக் கேட்காமல் ஒன்றும் செய்ய முடியாது. பிற்பட்ட கட்டிடத்தையும் வர்த்தமானியில் அறிவித்து அந்தப் பாதுகாப்புக்குள் கொண்டுவரலாம். உங்களுடையது 1912. ஆகவே வர்த்தமானியில் பெயர் வந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. அது தவிர, நகர அபிவிருத்தி அதிகார சபை தன் திட்டங்களில் கட்டிடக்கலைப் பெறுமதி உள்ளவை என்று குறித்துவைக்கும் கட்டிடங்களும் உண்டு. பக்கத்துக் கடைக்காரர் சொல்லும் "பட்டியல்" அநேகமாக இதுவாக இருக்கலாம். இரண்டும் வேறு வேறு. எதில் இருக்கிறீர்கள் என்று தெரியாமல் சாரம் கட்டாதீர்கள்.

நடைமுறையில் ஒன்று சொல்கிறேன். உடைந்த ஓட்டை அதே மாதிரி ஓட்டால் மாற்றுவது பராமரிப்பு. ஓட்டை எடுத்துவிட்டுத் தகரம் போடுவது கட்டிடத்தின் தோற்றத்தையே மாற்றுவது. முதலாவதற்குப் பொதுவாக யாரும் தடை சொல்லமாட்டார்கள், இரண்டாவதற்குத் திட்ட அனுமதி கேட்பார்கள். எதுவானாலும் கடிதத்தில் கேளுங்கள், பதிலையும் கடிதத்தில் வாங்குங்கள். கூடவே நாலு பக்கமும் எடுத்த படங்களை இணைத்துவிடுங்கள். வாய்வார்த்தைக்கு இந்த ஊரில் மதிப்பில்லை.

வாளிவைத்தவன்

அனுமதி வரும் வரைக்கும் சாமான் அறையில் இரண்டு வாளி. என் அனுபவம் அவ்வளவுதான்.

ஓட்டுக்கணக்கு

தங்கச்சி, கூரையைக் கழற்றும் கதையை இப்போதைக்கு மூடிவையுங்கள். நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. முன்சுவர் ஊறுகிறது, முன்பக்கம் கைப்பிடிச் சுவர் மறைக்கிறது. அப்படியானால் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் ஒரு மறைபீலி ஓடும். கூரையின் முன்சரிவில் விழும் தண்ணீர் முழுவதும் அந்தப் பீலிக்குள் இறங்கி, ஓரத்தில் உள்ள குழாயால் கானுக்குப் போகவேண்டும். புறக்கோட்டையில் அந்தக் காலத்துக் கடைவீடுகளில் ஒழுக்கு என்று போய்ப் பார்த்தால் முக்கால்வாசி இந்த இடம்தான். பீலி அடைபட்டால் தண்ணீர் தெருப்பக்கம் வழியாது, கைப்பிடிச் சுவர் தடுக்கும். உள்பக்கம்தான் வழியும்: சுவர் உச்சிக்கும், சுவருக்குள் செருகியிருக்கும் கைமர நுனிக்கும். ஓடு நூறு வருஷம் நின்றாலும் அந்த நுனி அழுகும்.

மழை பெய்கிறபோது ஒரு ஆளோடு கூரைக்கு அடியில் போய், டோர்ச் அடித்து உள்ளிருந்து பாருங்கள். சொட்டு விழும் இடத்தை நம்பவேண்டாம். தண்ணீர் கைமரத்தின் அடிப்பக்கமாக ஓடிவந்து எங்கோ ஓரிடத்தில்தான் சொட்டும். ஈரக்கோடு எங்கே தொடங்குகிறது என்று மேல்நோக்கிப் போய்ச் சோக்கால் குறியுங்கள். கைமரம் சுவருக்குள் போகும் இடத்தில் ஒரு ஸ்க்ரூட்ரைவரைக் குத்திப் பாருங்கள். பாலை, முதிரை, தேக்கு என்றால் முனை ஏறாது. விரல் நீளம் உள்ளே போனால் அழுகிவிட்டது.

இன்னொன்று. ஓடு ஒன்றைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். அடியில் என்ன முத்திரை என்று இங்கே எழுதுங்கள்.

கொந்தராத்து_மச்சான்

எல்லாம் சரி அண்ணே. ஆனால் இப்படிப் பேசிப் பேசியே சனத்தைப் பயமுறுத்துகிறீர்கள். ஓடு வேலை தெரிந்த ஆள் எங்கே இருக்கிறான்? இருக்கிறவனுக்கும் அறுபது தாண்டிவிட்டது. தகரம் என்றால் ரெண்டு பையன்கள் வந்து இரண்டு மூன்று நாளில் முடித்துவிட்டுப் போவார்கள். பாரம் குறைவு, பழைய மரத்துக்கும் நல்லது. முன்பக்கம் கைப்பிடிச் சுவர் மறைக்கிறது என்று அவரே சொல்கிறார், பிறகு ஓடு இருந்தால் என்ன தகரம் இருந்தால் என்ன, யார் பார்க்கப் போகிறார்கள்?

ஓட்டுக்கணக்கு

மச்சான், கேள்வி நியாயமானதுதான்.

பாரத்தை எடுத்துக்கொள்வோம். இந்த ஓடு ஒரு சதுர மீற்றருக்குப் பதினைந்து அளவில் போகும், ஒன்று இரண்டரைக் கிலோ வரை. ஆகச் சதுர மீற்றருக்குக் கிட்டத்தட்ட 40 கிலோ. தகரம் ஐந்து கிலோகூட வராது. குறைவு என்பது உண்மை. ஆனால் அந்தப் பாரம்தான் காற்றில் கூரையைப் பிடித்துவைத்திருக்கிறது. பழைய கைமரங்கள் பல இடங்களில் சுவர்த்தட்டின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். பாரத்தை எடுத்துவிட்டு அதே மரத்தில் தகரத்தை ஆணியடித்தால், பெருங்காற்றில் தகரம் மட்டும் போகாது, கைமரத்தையும் கூட்டிக்கொண்டு போகும். கீழே இறுக்கிக் கட்டவேண்டும், அதுவும் செலவுதான்.

அடுத்தது ஈரம். ஓட்டு இடுக்குகளால் காற்று வரும், மரம் காயும். தகரத்தின் அடியில் விடியற்காலையில் வியர்க்கும், அந்த ஈரம் பலகையில் சொட்டும். அப்புறம் துறைமுகத்துக்கு இவ்வளவு பக்கத்தில் உப்புக்காற்று வேறு. தகரத்தின் ஆணித்துளைகள் எத்தனை வருஷம் தாங்கும் என்று உங்களுக்கே தெரியும்.

வேலையாள் பஞ்சம் உண்மை. அதற்கு என்னிடம் பதில் இல்லை. வைக்கால், தங்கொட்டுவைப் பக்கத்துச் சூளைக்காரரிடம் கேட்டால் ஓடு மேய்கிற ஆட்களைத் தெரிந்திருக்கும்.

குறுக்குத்தெரு_மருமகள்

ஏறிப் பார்த்தோம். நான் ஏணியின் உச்சிவரைதான், மேலே போனது கடைப் பையன்.

மறைபீலி இருக்கிறது. அதாவது பீலி இருக்கவேண்டிய இடத்தில் காகக்கூடு இருக்கிறது. குச்சியைவிடக் கம்பிதான் அதிகம்: உடுப்பு மாட்டும் கம்பி, வயர்த் துண்டு, கண்ணாடி பிரேம் ஒன்று. அதன்மேல் பொலித்தீன் பை, அதன்மேல் ஓட்டுத்துண்டு, எல்லாம் சேர்ந்து கறுப்புச் சேறாக ஒரு முழம் உயரத்துக்கு. குழாய் வாயில் ஒரு அரசங்கன்று முளைத்து, வேர் கைப்பிடிச் சுவருக்குள் இறங்கியிருக்கிறது. பீலியின் அடித்தகடு ஈயம் என்று நினைக்கிறேன், நடுவில் கிழிந்து, யாரோ சீமெந்து அப்பியிருக்கிறார்கள். அந்தச் சீமெந்தும் இரண்டாகப் பிளந்திருக்கிறது.

கைமரங்களில் முன்சுவருக்குள் போகிற நாலில் ஸ்க்ரூட்ரைவர் கைப்பிடி வரைக்கும் போனது. மற்றவை இரும்பு மாதிரி.

ஓட்டின் முத்திரை: முன்சரிவில் "பாசல் மிஷன்" என்று ஆங்கிலத்தில், 1865 என்ற எண்ணோடு. மாமா சந்தோஷத்தில் கட்டிடமே 1865 என்று சொல்லித் திரிகிறார். பின்சரிவில் "கொமன்வெல்த்" என்று இருக்கிறது.

ஓட்டுக்கணக்கு

மாமாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள். 1865 என்பது மங்களூரில் பாசல் மிஷன்காரர் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய வருஷம், ஓடு சுட்ட வருஷம் இல்லை. முதலாம் உலகப் போருக்குப் பிறகு அந்தத் தொழிற்சாலைகள் கொமன்வெல்த் டிரஸ்ட் கைக்கு மாறின. ஆகவே உங்கள் முன்சரிவு அநேகமாகக் கட்டியபோது போட்டது, பின்சரிவு பிற்காலத்தில் ஒருமுறை மாற்றியது. இரண்டுமே நூற்றாண்டை ஒட்டிய ஓடுகள். இதைப் போய் லொறியில் ஏற்றி அனுப்பப் பார்த்தீர்களே.

ஒவ்வொரு ஓட்டையும் விரல் மடக்கித் தட்டுங்கள். கணீர் என்றால் வைத்துக்கொள்ளுங்கள், மொத் என்றால் உள்வெடிப்பு. எத்தனை குறைகிறது என்று பார்த்துவிட்டு, ஓட்டையே கையில் எடுத்துக்கொண்டு பழைய வீடு உடைக்கும் இடங்களில் தேடுங்கள். படத்தை மட்டும் காட்டி வாங்கவேண்டாம். ஒரு தொழிற்சாலை ஓடு இன்னொன்றோடு பூட்டாது, அரை விரல் வித்தியாசம் வந்தாலே மழை நுழையும். அப்புறம் பழையதையும் புதியதையும் ஒரே சரிவில் கலக்காதீர்கள். நல்ல பழையதெல்லாம் ஒரு சரிவுக்கு, வாங்கியது மற்றச் சரிவுக்கு.

கைமரம் முழுவதையும் மாற்றத் தேவையில்லை. அழுகிய நுனியை நல்ல மரம் வரும் வரைக்கும் வெட்டி, அதே சாதி மரத்தில் சாய்வாக வெட்டிப் பொருத்தி, துரு ஏறாத போல்ட்டால் இறுக்கலாம். சுவருக்குள் திரும்ப வைக்கும்போது சுற்றிச் சீமெந்து அடைக்காமல் கொஞ்சம் காற்றுவெளி விடச் சொல்லுங்கள். ஓட்டின் மேல் நடக்கிறவன், ஓட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டமான ரீப்பைக்கு நேர் மேலே பாதம் வைத்து நடக்கவேண்டும். அது தெரியாதவனை மேலே ஏற்றினால் திருத்தியதைவிட உடைத்தது அதிகமாக இருக்கும்.

பீலிக்கு: ஈயம் போட்டால் திருட்டுப் போகும் என்பது புறக்கோட்டையில் பழகிய கதை. அலுமினியத்தைச் சுண்ணாம்புச் சாந்தின் மேல் நேரே வைத்தால் அரித்துவிடும், இடையில் ஏதாவது விரிக்கவேண்டும். எதைப் போட்டாலும் ஒரு விஷயம் மறக்கவேண்டாம்: கைப்பிடிச் சுவரில் ஒரு வழிவுத் துளை. குழாய் அடைபட்டால் தண்ணீர் தெருப்பக்கமாகக் கொட்டட்டும். நாலு பேர் திட்டுவார்கள், நீங்களும் உடனே போய்ப் பீலியைப் பார்ப்பீர்கள். முகப்பில் துளை என்பதால் அதையும் விண்ணப்பத்தில் எழுதிவிடுங்கள்.

கொட்டாஞ்சேனையான்

அரசங்கன்று விஷயத்தில் கவனம். அந்தக் கன்றை வெட்டச் சொன்னால் வேலைக்கு வருகிற சிங்களப் பையன்கள் கை வைக்கமாட்டார்கள், நம்மவர்களிலும் பலர் தயங்குவார்கள். சின்னதாக இருக்கும்போதே வேரோடு எடுத்துப் பக்கத்து விகாரைக்கோ கோயிலுக்கோ கொடுத்துவிடுவதுதான் வழக்கம். வேர் சுவருக்குள் போய்விட்டதென்றால் இழுக்கவே கூடாது, பாதிச் சுவர் கூட வரும். மேலே வெட்டி, வெட்டுவாயில் மருந்து தடவி, வேர் செத்த பிறகு மெல்ல எடுத்து, வெடிப்பைச் சுண்ணாம்புச் சாந்தால் நிரப்பவேண்டும்.

நான் வேறொன்று சொல்ல வந்தேன். கோயில்களில் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பாலஸ்தாபனம் செய்து, அதாவது மூர்த்தியைத் தற்காலிகமாக வேறிடத்தில் வைத்து, சாரம் கட்டி, விமானத்தில் இருக்கிற செடி, வெடிப்பு, உடைந்த சுதை எல்லாம் பார்த்துக் கும்பாபிஷேகம் பண்ணுகிறோம். கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயில் மாதிரி இராமநாதன் கருங்கல்லில் எழுப்பியதுக்கே அந்த ஒழுங்கு இருக்கிறது. கடைவீட்டுக்கு அப்படி ஒரு நாள் குறித்துவைத்த வீட்டுக்காரர் எத்தனை பேர்?

வாடகைப்பழசு

நாள் குறிக்கலாம் ஐயா, காசு யார் தருவது? புறக்கோட்டையில் பாதிக் கட்டிடங்கள் ஏன் இப்படிக் கிடக்கின்றன என்று யாரும் பேசுவதில்லை. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்தின் கீழ் வந்த பழைய குடியிருப்பாளர் இருக்கும் இடங்களில், மாதம் வருகிற வாடகையில் ஒரு பை சீமெந்து வாங்கமுடியாது. வாடகைக்காரர் திருத்தமாட்டார், அவருடையதில்லை. சொந்தக்காரர் திருத்தமாட்டார், விழுந்தால் நிலம் மிஞ்சும். இதற்கு மேலே "பாதுகாக்கப்பட்டது" என்று ஒரு முத்திரையும் குத்திவிட்டால் பாதுகாப்பது யார்? பழைய ஒல்லாந்தர் மருத்துவமனையை 2011இல் அழகாகத் திறந்தார்கள், தேக்கு உத்தரம், ஓட்டுக்கூரை எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். அரசாங்கத்தின் சொத்து, அரசாங்கத்தின் காசு. நம்மிடம் ஒரு கடையும் ஒரு மாமாவும்தான்.

கோட்டைக்கிழவன்

நீங்கள் சொல்வதில் பெரும்பகுதி உண்மை, மறுக்கவில்லை. ஆனால் இவருடைய விஷயத்தில் கணக்கு வேறு. சொந்தக்காரரே கடை நடத்துகிறார். பாஸ் சொன்ன மாதிரி முழுக்கூரையும் முழுமுகப்பும் என்றால் பெரும் செலவு. பீலி, நாலு கைமர நுனி, கொஞ்சம் ஓடு என்றால் அதில் சிறுபகுதிதான். பாதுகாப்பு முறைப்படி செய்வது எப்போதும் செலவு கூடியது என்று ஒரு எண்ணம் இருக்கிறது. பழையதில் முடிந்தவரை கை வைக்காதே என்பதுதான் பழைய கட்டிடங்களைப் பேணுவதற்கான 1964 வெனிஸ் சாசனத்தின் அடிப்படையே. அந்தச் சாசனத்தை ஒட்டி உருவான இக்கோமோஸ் என்ற சர்வதேசப் பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்புக்கு நம்மூர் ரோலண்ட் சில்வா தொண்ணூறுகளில் தலைவராகவே இருந்தார், வெளிநாட்டுக் கதை என்று தள்ளவும் முடியாது.

சுண்ணாம்புப்பானை

கூரைக்காரர்கள் பேசி முடிந்தால் முகப்புக்கு வருவோம். சீமெந்துப் பூச்சு வேண்டவே வேண்டாம்.

1912இல் அந்தச் சுவர் செங்கல்லோ கபுக் என்கிற செம்புரைக் கல்லோ, சுண்ணாம்புச் சாந்தில் கட்டிச் சுண்ணாம்பால் பூசியிருப்பார்கள். அப்படிப்பட்ட சுவர் மழையில் குடித்ததை வெயிலில் வெளியே விடும். மேலே சீமெந்தும் பிளாஸ்டிக் பெயின்டும் ஏற்றினால் வெளியே போகும் வழி அடைபடும். ஈரம் உள்பக்கம் திரும்பும், கூடவே உப்பையும் கொண்டுவரும். அந்த உப்புப் பூத்துத்தான் உங்கள் பெயின்ட் பொங்குகிறது. இப்போதே யாரோ முன்னொரு காலத்தில் பிளாஸ்டிக் பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பூச்சு முழுவதையும் கொத்தவேண்டாம். மரச்சுத்தியலால் தட்டி, பொள்ளென்று கேட்கும் இடத்தை மட்டும் சோக்கால் வட்டம் போட்டு எடுங்கள். கிரைண்டர் வேண்டாம், அசிட்டும் வேண்டாம், மணல் பீச்சவும் வேண்டாம். பூவேலை, கார்னிஸ் இருக்கிற இடங்களில் உடையாத ஒரு துண்டிலிருந்து முதலில் அச்சு எடுத்துவையுங்கள். விழுந்த பிறகு யாருக்கும் உருவம் ஞாபகம் இருக்காது.

சுண்ணாம்பு: முன்பெல்லாம் தென்கரையில் முருகைக்கல் சுட்டு வரும். கடற்கரைப் பாதுகாப்புச் சட்டத்தோடு அந்த அகழ்வு தடை. இப்போது மாத்தளைப் பக்கத்து டொலமைட் சுண்ணாம்புதான் எளிதில் கிடைக்கும். சுட்ட கல்லாகவே வாங்கித் தண்ணீரில் நீற்றி, மேலே தண்ணீர் நிற்கும்படி பானையிலோ பீப்பாவிலோ மூடிவையுங்கள். எவ்வளவு நாள் கிடக்கிறதோ அவ்வளவு நல்லது, வெண்ணெய்ப் பதத்துக்கு வரவேண்டும். ஒன்றுக்கு மூன்று ஆற்றுமணல், கழுவியது. கடல்மணல் சேர்ந்தால் உப்பை நீங்களே காசு கொடுத்துச் சுவரில் ஏற்றியதாகும். கூடவே மென்மையாகச் சுட்ட செங்கல்லை இடித்த தூள் கொஞ்சம், இந்த ஈரக்காற்றிலும் இறுக அது உதவும். பூசும் முன் சுவரை நன்றாக நனைத்து, விரற்கடை தடிப்புக்கு மேல் போகாமல் ஒவ்வொரு கையாகப் பூசி, ஈரச்சாக்குத் தொங்கவிட்டு மெதுவாகக் காயவிடவேண்டும். வெயிலில் அவசரமாகக் காய்ந்தால் தூளாகக் கொட்டும்.

கொந்தராத்து_மச்சான்

அக்கா, கேட்க நன்றாக இருக்கிறது. ஈரச்சாக்கோடு நான் ஒரு மாதம் சாரத்துக்கு வாடகை கட்டினால் என் பிள்ளைகள் என்ன சாப்பிடுவது? ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன், சீமெந்து பூசிய பழைய சுவர் பொங்காமல் நான் பார்த்ததில்லை. திரும்பத் திரும்ப வேலை கிடைக்கிறது என்பதால் நாங்களும் வாய் திறப்பதில்லை.

மழைக்கோட்டு_மாமி

எல்லோரும் மறந்த ஒன்று. அந்த இடத்தில் தெருவில் நடக்க இடமில்லை, மனிதத் தலைகள்தான். சாரம் கட்டும்போது வலையும், கீழே நடைபாதைக்கு மேல் பலகைத் தட்டும் போடுங்கள். முகப்பில் பெரிய பெயர்ப்பலகை இருந்தால் அதன் இரும்புத் தாங்கிகளைப் பாருங்கள், துருப்பிடித்து ஊதி, சுவரைப் பிளந்து, ஒரு நாள் கார்னிஸ் துண்டோடு கீழே வரும்.

பின்பக்கத்தில் அஸ்பெஸ்டஸ் சாய்ப்பு ஏதும் இருக்கிறதா? இருந்தால் உடைத்து எறியவிடாதீர்கள். நனைத்து, ஆணியைக் கழற்றி, முழுத் தகடாக இறக்கவேண்டும். அரைவட்ட ஓட்டுக்கு அடியில் அஸ்பெஸ்டஸ் விரித்து "பாரம்பரியக் கூரை" என்று காட்டும் வேலையும் இந்த ஊரில் தாராளமாக நடக்கிறது, உங்கள் பாஸ் நாளைக்கு அதையும் சொல்வார்.

குறுக்குத்தெரு_மருமகள்

எல்லோருக்கும் நன்றி. இப்போதைய நிலவரம்: காகக்கூட்டையும் சேற்றையும் எடுத்துக் குழாயைத் திறந்துவிட்டோம். கிழிந்த பீலியின் மேல் தற்காலிகமாகத் தடித்த தார்ப்பாய் விரித்திருக்கிறது. நேற்றிரவு கொட்டிய மழைக்கு உள்ளே ஒரு சொட்டும் இல்லை. சுவர் இன்னும் ஈரம்தான். படங்களோடு கடிதம் கொடுத்தாயிற்று. கட்டிடக்கலைஞர் ஒருவர் வந்து கைமரங்களை வரைந்துகொண்டு போயிருக்கிறார். ஓடு இறக்கும் வேலையை ஜனவரி, பெப்ரவரியில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார், ஒக்டோபர், நவம்பர் இடிமழையில் கூரையைத் திறந்துவைக்க முடியாது என்று. பாஸிடம் தகரம் இல்லை என்று மாமாவே சொல்லிவிட்டார். 1865 ஓட்டைக் கழற்றுவதா என்று அவருக்குக் கோபம். நான் திருத்தவில்லை.

ஒரே ஒரு கேள்வி மிச்சம். முகப்புக்கு என்ன நிறம்? இப்போது இருப்பது ஒரு மாதிரியான நீலம். மாமாவுக்கு மஞ்சள் ஆசை.

சுண்ணாம்புப்பானை

இப்போது ஒரு நிறமும் வேண்டாம், சுவர் முதலில் காயட்டும். ஜனவரி வரை அதுதான் வேலை. அதற்கிடையில் மழைக்குழாயைச் சுவரோடு பிடித்திருக்கும் கிளிப்பைக் கழற்றி, குழாய்க்குப் பின்னால் பாருங்கள். பெயின்ட் அடிக்கிறவன் தூரிகை போகாத இடம் அது. இல்லாவிட்டால் கார்னிஸின் அடிவயிற்றில் நகத்தளவு இடத்தைச் சவரப் பிளேட்டால் படை படையாகச் சுரண்டுங்கள், நீலத்துக்குக் கீழே என்னென்ன இருக்கிறது என்று வரிசையாகத் தெரியும். ஆக அடியில் இருப்பது காவியோ மஞ்சளோ கலந்த சுண்ணாம்பாக இருந்தால் மாமாவின் ஆசைக்கு அனுமதி கேட்பதும் சுலபம். அடிக்கும்போது சுண்ணாம்புக் கரைசலைப் பால் மாதிரித் தண்ணீராக நாலைந்து கை கொடுக்கவேண்டும், ஒரே கையில் தடிப்பாக அடித்தால் உரியும். பிளாஸ்டிக் பெயின்ட் மிச்சம் இருக்கிற இடத்தில் சுண்ணாம்பு பிடிக்காது, ஆகவே அந்த நீலத்தை முதலில் நீராவியாலோ மென்மையான சுரண்டியாலோ எடுக்கவேண்டும். எவ்வளவு எளிதாகப் போகிறது என்று ஒரு சின்ன மூலையில் பார்த்துவிட்டு எழுதுங்கள்.